கர்ரி தீவு, டீவா கடற்கரை: ஃபோர் வீல் டிரைவ், கேம்பிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள கர்ரி தீவுக்கும் (2023 வரை ஃப்ரேசர் தீவு) அதற்குத் தெற்கே நிலப்பகுதியில் இருக்கும் கூலூலா, டீவா கடற்கரைக்கும் முதல்முறை வண்டி எடுத்துப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. இரண்டுமே கிரேட் சாண்டி தேசியப் பூங்காவின் பகுதிகள். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. அவசரமாகப் படிப்பவர்கள் டயர் காற்று, டைட் (கடல் ஏற்ற இறக்கம்) பற்றிய இரண்டு பதில்களையாவது முழுதாகப் படித்துவிடுங்கள். மணலில் நடக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றை அலட்சியம் செய்வதால் வருபவை.

எங்க எஸ்யூவில ஆல் வீல் டிரைவ்னு போட்டிருக்கு. அது போதாதா?

பெரும்பாலும் போதாது. கேட்க வேண்டியவை இரண்டு: வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவிசையோடு போக உதவுவது) இருக்கிறதா. கர்ரியின் உள்தடங்களில் சக்கரங்கள் ஆழமான பள்ளம் உழுது வைத்திருக்கும். நடுவே நிற்கும் மணல்மேட்டில் தாழ்வான வண்டியின் வயிறு உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தபின் நான்கு சக்கரமும் சுழன்றாலும் பயனில்லை. நகர எஸ்யூவிகளில் லோ ரேஞ்ச் இருக்காது. நீண்ட மென்மணலில் அவற்றின் கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ் சூடேறி, கணினி தானாகவே சக்தியைக் குறைத்துவிடும்.

பிராடோ, லேண்ட்க்ரூஸர், பட்ரோல், பஜேரோ ஸ்போர்ட், ஹைலக்ஸ், ரேஞ்சர் போன்ற வண்டிகளின் ஃபோர் வீல் டிரைவ் மாடல்கள் கம்பெனியிலிருந்து வந்த நிலையிலேயே போதும். தூக்கிவைத்த சஸ்பென்ஷன், பெரிய சேற்று டயர் எதுவும் வேண்டாம். ஆழமான பட்டைகள் கொண்ட சேற்று டயர் மணலைத் தோண்டும். சாதாரண ஆல் டெரெய்ன் டயர்தான் இங்கே நல்லது.

முதல் தடவை போறோம். நேரா கர்ரிக்கே போயிடலாமா?

முதலில் டீவாவுக்குப் போங்கள். டெவான்டினில் நூசா ஆற்றைச் சிறு ஃபெரியில் கடந்து, கடற்கரைக்கு இறங்கும் வழியில் காற்றைக் குறைத்துக்கொண்டு போனால், டபுள் ஐலண்ட் பாயின்ட் வரை நீண்ட, ஓரளவு கெட்டியான மணல். மாட்டிக்கொண்டாலும் உதவிக்கு வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். காலையில் போய் மாலையில் திரும்பலாம். கூடாரம் அடித்துத் தங்கவும் இடம் உண்டு.

கர்ரி வேறு வகை. 120 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள, உலகின் மிகப் பெரிய மணல் தீவு. 1992 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. நிலப்பகுதியின் இன்ஸ்கிப் பாயின்ட்டிலிருந்து பார்ஜ் (வண்டிகளை ஏற்றிச்செல்லும் தட்டைப் படகு) ஏறினால் சில நிமிடங்களில் தீவின் தென்முனையான ஹூக் பாயின்ட். ஆனால் பார்ஜுக்குப் போகும் வழியே மென்மணல். தீவில் இறங்கியபின் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பார்ஜைக் கண்ணால் பார்த்தபடியே புதைகிறார்கள். தார்ச்சாலை முடியும் இடத்திலேயே குறைத்துவிடுங்கள்.

என்னென்ன பெர்மிட் வாங்கணும்?

குயின்ஸ்லாந்து தேசியப் பூங்கா சேவையிடம் இரண்டு வாங்க வேண்டும். ஒன்று வண்டிக்கு, மற்றொன்று கூடாரமடித்துத் தங்குவதற்கு. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று எண்ண வேண்டாம். கர்ரிக்கு எடுத்த வண்டி அனுமதி கூலூலாவுக்குச் செல்லுமா என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் புறப்படும் முன்பே இணையத்தில் எடுங்கள். தீவில் போய் எடுக்கலாம் என்றால் சிக்னலை நம்ப முடியாது. பார்ஜ், ஃபெரி கட்டணங்கள் தனி. பள்ளி விடுமுறை, ஈஸ்டர் நாட்களுக்கு இடங்கள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும்.

அதே தளத்தில் பூங்கா எச்சரிக்கைப் பக்கம் ஒன்று உண்டு. எந்தத் தடம் மூடியிருக்கிறது, எங்கே கரை அரித்துப் போயிருக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். புறப்படும் நாள் காலையில் அதைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

டயர்ல எவ்வளவு காத்து வைக்கணும்? ஒருத்தர் 25ங்கறார், ஒருத்தர் 15ங்கறார்.

சாதாரணச் சுமையுள்ள நடுத்தர வண்டிக்குக் கடற்கரையில் 18 பிஎஸ்ஐயில் (டயர் காற்றழுத்த அளவு) தொடங்குங்கள். கூரைவரை சாமான் ஏற்றிய கனமான வண்டிக்கு 20. உள்தடத்தின் காய்ந்த மென்மணலுக்கு 16. இழுக்கத் திணறினால் 14. புதைந்துவிட்டால் வெளியே வருவதற்கு மட்டும் 12. 25 என்பது சரளைச் சாலைக்கான அளவு. மணலுக்கு அது போதாது.

காற்றைக் குறைக்கும்போது டயர் அகலமாவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் படர்கிறது. மணலைத் தொடும் பரப்பு நீளும்போது அதே எடை பரவி, டயர் மணலைத் தோண்டாமல் மேலேயே உருண்டு போகிறது. எஞ்சினுக்கு வேலை குறையும், டீசலும் மிச்சமாகும். தடமும் அடுத்து வருபவருக்காகக் கெடாமல் இருக்கும். காற்றைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே தாண்டிவிடுபவர்கள்தான் தடங்களில் அந்தக் குண்டுகுழிகளை உண்டாக்குகிறார்கள்.

சில எச்சரிக்கைகள். ஓடிச் சூடான டயர் குளிர்ந்த டயரைவிட 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைக் கணக்கில் வையுங்கள். 15க்குக் கீழே போனால் வேகத்தை நன்றாகக் குறைத்து, சட்டென்று திருப்பாமல் ஓட்டுங்கள், இல்லையென்றால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். 20 அங்குல ரிம்மில் பக்கச்சுவர் குட்டையான டயர் போட்ட வண்டி இந்த அளவுகளுக்கு நன்றாகப் படராது. 17 அங்குலம்தான் உதவும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் உடனே காற்றடியுங்கள். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். அதனால் நல்ல அளவுமானியும் பேட்டரியில் நேரடியாக மாட்டும் கம்ப்ரஸரும் கட்டாயம். சிகரெட் சாக்கெட்டில் சொருகும் சின்னக் கம்ப்ரஸர் இந்த அளவு டயருக்குத் தாங்காது.

டைட் டேபிள் பார்க்கத் தெரியல. எத்தனை மணிக்கு ஓட்டலாம்?

லோ டைட்டுக்கு, அதாவது கடல் மிகவும் உள்வாங்கும் நேரத்துக்கு, இரண்டு மணி நேரம் முன்னும், இரண்டு மணி நேரம் பின்னும். லோ டைட் காலை 10.40 என்றால் 8.40 முதல் 12.40 வரை உங்கள் நேரம். ஹை டைட்டுக்கு இருபுறமும் இரண்டு மணி நேரம் கடற்கரைப் பக்கமே போக வேண்டாம். அப்போது மிஞ்சுவது மேலே இருக்கும் காய்ந்த மென்மணல் மட்டும்தான். ஒரு பக்கம் அலை, மறுபக்கம் மணல்மேடு, நடுவில் வண்டி.

அந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். வெள்ளிக்கிழமை போன நேரத்திலேயே ஞாயிறும் திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பார்ஜைப் பதிவு செய்யும் முன்பே திரும்பும் நாளின் டைட்டையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஹை டைட் இன்னும் உயரும். தெற்கிலிருந்து பெரிய அலை வரும் நாட்களில் அட்டவணையில் இருப்பதைவிட நீர் மேலே ஏறும். சிட்னி, மெல்போர்னிலிருந்து வருபவர்கள் கவனிக்க: குயின்ஸ்லாந்தில் கோடை நேர மாற்றம் கிடையாது. வண்டிக் கடிகாரம் ஒரு மணி நேரம் தவறாகக் காட்டலாம்.

ஹூக் பாயின்ட்டில் இறங்கும்போது நேரம் தவறிவிட்டால், கடற்கரைக்குப் பின்னால் டில்லி கிராமம் நோக்கி ஓர் உள்சாலை இருக்கிறது. மெதுவானது, குலுக்கும், ஆனால் கடல் அங்கே வராது.

4எச்சா, 4எல்லா? எப்ப எதைப் போடணும்?

4எச் என்பது ஃபோர் வீல் டிரைவின் ஹை ரேஞ்ச், 4எல் லோ ரேஞ்ச். கெட்டியான கடற்கரையில் 4எச். மணலைத் தொடுவதற்கு முன்பே போடுங்கள், திணறியபின் போடுவது தாமதம். நிரந்தர ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் (பிராடோ, 200 வரிசை லேண்ட்க்ரூஸர்) முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் நடு டிஃபரென்ஷியலைப் பூட்டுங்கள். உள்தடத்தின் ஏற்றங்களுக்கும் ஆழ்ந்த மணலுக்கும் 4எல். ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும் கியரை நீங்களே தேர்ந்தெடுத்தால் நடுவழியில் மாறி வேகம் குலையாது. மென்மணலில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) சக்தியை வெட்டிவிடும். அந்த இடத்தில் மட்டும் அணைத்து, கெட்டி மணலுக்கு வந்ததும் திரும்பப் போடுங்கள்.

நிறுத்தும்போது பிரேக்கை அழுத்தாமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள். பிரேக் பிடித்தால் சக்கரத்துக்கு முன் மணல் குவியும், அதன்மேல் ஏறித்தான் மறுபடி கிளம்ப வேண்டும். முடிந்தால் கடலை நோக்கிச் சரிவாக நிற்கும்படி நிறுத்துங்கள்.

பீச்சுதானே, போலீஸ் எல்லாம் வருவாங்களா? எவ்வளவு வேகம் போகலாம்?

கடற்கரை சட்டப்படி சாலைதான். பதிவு செய்த வண்டி, சீட் பெல்ட், மது அளவு, இடப்பக்கம் செல்வது எல்லாம் அப்படியே பொருந்தும். போலீஸ் வேகமும் மதுவும் சோதிப்பார்கள். கர்ரியின் கிழக்குக் கடற்கரையில் உச்ச வேகம் 80, உள்தடங்களில் 30. 80 என்பது உச்சவரம்புதான். மழைக்குப் பின் சிற்றோடைகள் கரையை வெட்டி, தூரத்திலிருந்து தெரியாத ஒரு படிபோல் பள்ளம் விட்டிருக்கும். அதில் 80இல் இறங்கினால் அச்சு உடையும், வண்டி புரளும். இங்கே நடந்த உயிரிழப்புகளில் வண்டி புரண்டவை பல. கூரையில் சாமான் ஏற்றாதீர்கள். எடை உயரும்போது புரளும் வாய்ப்பும் கூடும்.

எதிரே வண்டி வந்தால், எந்தப் பக்கமாக விலகப் போகிறீர்கள் என்று இண்டிகேட்டர் போட்டுக் காட்டுவது இங்கே வழக்கம். அலைச்சத்தத்தில் நடப்பவர்களுக்கும் மீன் பிடிப்பவர்களுக்கும் வண்டி வருவது கேட்காது. குழந்தைகள் இருக்கும் இடத்தில் ஊர்ந்து செல்லுங்கள். சிறு விமானங்களும் இதே மணலில் இறங்கும். பலகை இருக்கும் இடத்தில் அது சொல்லும் பக்கம் ஒதுங்குங்கள்.

தண்ணி ஓரமா ஓட்டினா மணல் கெட்டியா இருக்கே, கொஞ்சம் நனைஞ்சா என்ன?

ஈரமான மணலில் ஓட்டுங்கள், நீரில் ஓட்டாதீர்கள். அலை பின்வாங்கிய பளபளப்பான மணல் கெட்டிபோலத் தெரிந்தாலும் நின்ற சில நொடிகளில் சக்கரத்தை உள்ளே இழுக்கும். உப்புநீர் பிரேக், மின்கம்பி, அடிச்சட்டம் எல்லாவற்றையும் தின்னும். உங்களுக்கான பாதை நீர்விளிம்புக்கும் கடைசி ஏற்றக்கோட்டுக்கும் நடுவே. அதற்கு மேலே மணல்மேட்டுச் செடிகள் மீது ஏறவே கூடாது. அவைதான் தீவை நிறுத்தி வைத்திருப்பவை. ஆமையும் கரைப்பறவைகளும் முட்டையிடுவதும் அந்த ஓரத்தில்தான்.

ஈலை கிரீக் போன்ற ஓடைகளை லோ டைட்டில், ஆழத்தைப் பார்த்தபின் மெதுவாகக் கடந்து செல்லுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம்.

வண்டி புதைஞ்சிடுச்சு. முதல்ல என்ன செய்யணும்?

காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுங்கள். வண்டி முன்னே போகவில்லை என்று தெரிந்தபின் சக்கரம் சுழலும் ஒவ்வொரு நொடியும் உங்களைத்தான் இறக்குகிறது. வந்த தடத்திலேயே மெல்லப் பின்னால் எடுத்துப் பாருங்கள். அழுத்தப்பட்ட மணல் என்பதால் பாதிப் புதைவுகள் இதிலேயே தீரும்.

வரவில்லையென்றால் எல்லோரையும் இறக்குங்கள். வயிறு மணலில் உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். டிஃபரென்ஷியல், அச்சைச் சுற்றியுள்ள மணலை நீண்ட கைப்பிடி மண்வெட்டியால் அகற்றுங்கள். சக்கரங்களுக்குப் போகும் திசையில் சரிவான வழி வெட்டுங்கள். காற்றை 14க்கு, தேவையானால் 12க்கு இறக்குங்கள். அதன்பின் மீட்புப் பலகைகளை (சக்கரத்துக்குப் பிடிமானம் தரும் பற்கள் கொண்டவை) சக்கரத்தை முட்டும்படி அடியில் செருகி, 4எல்லில், சக்கரம் சுழலாத அளவுக்கு மெதுவாக ஏறுங்கள். வேகமாகச் சுழற்றினால் பலகையின் பற்கள் உருகிவிடும். தோண்டச் சோம்பல்பட்டு நேராகக் கயிறு கட்டுவதுதான் பெரும்பாலும் வண்டியை உடைக்கிறது. நீர் ஏறிக்கொண்டிருந்தால் மட்டும் இந்த வரிசைக்குக் காத்திராமல் வரும் முதல் வண்டியைக் கைகாட்டி நிறுத்துங்கள்.

இன்னொரு வண்டி இழுக்கத் தயார். டோ பார் பந்துல கட்டலாமா?

கூடாது. எந்தச் சூழலிலும் கூடாது. வண்டியின் பின்னால் இருக்கும் அந்த இரும்புப் பந்து டிரெய்லரைச் சீராக இழுக்கச் செய்தது, திடீர் வெட்டு இழுப்புக்கு அல்ல. அது முறிந்தால் நீண்ட மீட்புப் பட்டையின் விசை முழுவதும் அந்த இரும்பில் ஏறி, கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வண்டி அடியில் இருக்கும் சிறு வளையங்கள் கப்பலில் கட்டுவதற்கானவை, அவற்றிலும் கட்டாதீர்கள்.

தரச்சான்று பெற்ற மீட்பு முனைகள் (பட்டையை மாட்டுவதற்கான உறுதியான கொக்கிகள்) இரு வண்டிகளிலும் வேண்டும். ஸ்னாட்ச் பட்டையின் (இழுக்கும்போது நீண்டு சுருங்கும் மீட்புப் பட்டை) தாங்குதிறன் இரண்டில் எடை குறைந்த வண்டியின் மொத்த எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு. பட்டைமேல் கனமான விரிப்பு ஒன்றைப் போடுங்கள். ஓட்டுநர்கள் தவிர எல்லோரும் பட்டையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளிப் பக்கவாட்டில் நிற்கட்டும். இழுக்கும் வண்டி மெதுவாகக் கிளம்பினாலே போதும், பட்டையின் நெகிழ்வு வேலையைச் செய்யும். முந்தைய பதிலில் சொன்னபடி தோண்டிக் காற்றும் குறைத்திருந்தால் இது தேவைப்படாமலே போகலாம்.

சின்னக் குழந்தைங்க இருக்காங்க. டிங்கோ கடிக்குமா?

கடிக்கும். 2001இல் கர்ரியில் ஒன்பது வயதுச் சிறுவன் இறந்திருக்கிறான். அதன்பின்னும் கடிகள் நடக்கின்றன. தீவின் பூர்வகுடிகளான புட்சுல்லா மக்கள் வொங்காரி என்று அழைக்கும் இந்த ஆஸ்திரேலியக் காட்டு நாய் பார்க்க ஒல்லியான வீட்டு நாய்போலத்தான் இருக்கும். ஒல்லியாக இருப்பது அதன் இயல்பு. இரக்கப்பட்டு ஒரு ரொட்டி போட்டால், மனிதரை நெருங்கக் கற்றுக்கொண்ட அந்த விலங்கைக் கடைசியில் கொல்ல நேரிடும். உணவு கொடுத்தால் அபராதமும் பெரியது.

வேலியிட்ட முகாமில் தங்குங்கள்: டுண்டுபாரா, வாடி பாயின்ட்டின் மேல்முகாம், சென்ட்ரல் ஸ்டேஷன். வேலிக்கு வெளியே குழந்தைகள் கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும், பதின்வயதினரும் தனியே போகக் கூடாது. கழிவறைக்கும் குழுவாக, கையில் ஒரு தடியோடு போங்கள். ஜாகிங் வேண்டாம், ஓடுவதைத் துரத்துவது அதன் குணம். நெருங்கினால் முகத்தைப் பார்த்தபடி நிமிர்ந்து நின்று, கைகளை மார்பில் கட்டி, சத்தமாக உதவி கேட்டபடி மெல்லப் பின்வாங்குங்கள். கூடாரத்துக்குள் சாப்பாடு, பிஸ்கட், பற்பசைகூட வைக்காதீர்கள். எல்லாம் பூட்டிய வண்டிக்குள். உங்கள் நாயைத் தீவுக்குக் கொண்டுவர அனுமதி இல்லை.

விறகு வச்சு சமைக்கலாமா? தண்ணி, டாய்லெட் எல்லாம் எப்படி?

கர்ரியில் டுண்டுபாராவிலும் வாடி பாயின்ட் மேல்முகாமிலும் பூங்கா சேவை அமைத்துள்ள நெருப்பு வளையங்களில் மட்டும், நீங்கள் கொண்டுவந்த ரசாயனம் பூசாத அறுத்த மரத்தில் தீ மூட்டலாம். காட்டிலிருந்து சுள்ளி பொறுக்கக் கூடாது. 2020இல் தீவின் பாதிக்குமேல் எரிந்தது சட்டவிரோதமான ஒரு முகாம் நெருப்பால். தீயை மணலால் மூடாதீர்கள். மணலுக்கடியில் கங்கு மணிக்கணக்கில் உயிரோடிருந்து, மறுநாள் ஓடிவரும் குழந்தையின் காலைச் சுடும். நீர் ஊற்றி அணையுங்கள். சமையலுக்கு எரிவாயு அடுப்புதான் நடைமுறை.

குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 லிட்டர், அதோடு ஒரு நாளுக்கான கூடுதல். கடற்கரை முகாம்களில் கழிவறை இல்லை. கையடக்கக் கழிவறை ஒன்று கொண்டுபோங்கள். வேறு வழியே இல்லாவிட்டால் முகாமிலிருந்தும் ஓடைகளிலிருந்தும் தள்ளி, குறைந்தது 50 செ.மீ. ஆழம் தோண்டிப் புதையுங்கள். காகிதமும் ஈரத்துடைப்பானும் பையில் கட்டி வெளியே வர வேண்டும்.

கடல்ல குளிக்கலாமா?

கிழக்குக் கடற்கரையில் வேண்டாம். உயிர்காப்பாளர்கள் இல்லை, இழுப்பு நீரோட்டம் கடுமை, சுறாக்கள் கரையோரமே திரிகின்றன. ஈலை கிரீக், பூரங்கூரா என்னும் மெக்கென்ஸி ஏரி இவை போதாதா! ஏரிக்கரையில் உணவு கூடாது. வேலியிட்ட உணவிடத்தில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. கூட்டிட்டுப் போகலாமா?

கூட்டிக்கொண்டு போகலாம், கூடாரத்தில் தங்க வைக்க வேண்டாம். உள்தடத்தில் 10 கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரம் ஆகலாம், முழுக்கக் குலுக்கல். முதுகுவலி, சமீபத்திய அறுவைசிகிச்சை உள்ளவர்களுக்கு ஒத்துக்காது. யூராங் அல்லது கிங்ஃபிஷர் பே விடுதியில் அறை எடுத்து, ஒரு நாளுக்கு ஓர் இடம் என்று திட்டமிடுங்கள். 1935இல் கரை ஒதுங்கிய மஹீனோ கப்பலின் எலும்புக்கூடு கடற்கரையிலேயே இருக்கிறது, இறங்கி நடக்காமலே பார்க்கலாம். தீவில் மருத்துவமனை இல்லை. மாத்திரைகளைக் கூடுதல் நாட்களுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

போன் சிக்னல் இருக்குமா? தனியா ஒரே வண்டில போகலாமா?

அங்கங்கே கிடைக்கும், நம்ப முடியாது. வண்டிக்கு வண்டி பேசும் யூஎச்எஃப் ரேடியோ ஒன்று வையுங்கள். குழுவாகப் போகும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் சேனல் 10இல் பேசும். 5ம் 35ம் அவசரத்துக்கு மட்டும். செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியை வாடகைக்கும் எடுக்கலாம். டீவாவுக்கு ஒரே வண்டி பரவாயில்லை. கர்ரிக்கு முதல் முறை இரண்டு வண்டிகளாகப் போங்கள்.

இண்டியன் ஹெட் தாண்டி சாண்டி கேப் வரை போகணும்னு ஆசை. முடியுமா?

இண்டியன் ஹெட்டைச் சுற்றும் தடமே மென்மணல்; அதில் நிறையப் பேர் நிற்கிறார்கள். அதற்கும் வடக்கே இங்காலா ராக்ஸ் பாறைகளைக் கடப்பது, அனுபவமுள்ளவர்கள் துணை வண்டியோடு செய்யும் வேலை. முதல், இரண்டாம் பயணத்தில் வேண்டாம். மேற்குக் கடற்கரையும் அப்படியே: கெட்டியாகத் தெரியும் கடற்பாசிக் குவியலுக்கடியில் சேறு.

உள்தடங்களில் பலருக்கு வியப்பாக இருப்பது, மழைக்குப் பின் அவை எளிதாவதுதான். ஈரம் மணலை இறுக்கும். வாரக்கணக்கில் வெயில் அடித்த தடம்தான் விழுங்கும். அதே மழை கடற்கரையில் ஓடைப்பள்ளங்களை வெட்டும் என்பதையும் (வேகம் பற்றிய பதில்) சேர்த்து நினையுங்கள். ஒற்றைத் தடத்தில் எதிர்வண்டி வந்தால், ஏறி வருபவருக்கும் பேருந்துக்கும் வழிவிடுங்கள். அவர்கள் நின்றால் மறுபடி கிளம்புவது கடினம்.

இன்சூரன்ஸ் இருக்கு, வாடகை வண்டின்னாலும் பரவாயில்லைதானே?

சாதாரண வாடகை ஒப்பந்தங்கள் மணலில் ஓட்டுவதைத் தடைசெய்கின்றன. கர்ரிக்கென்று அனுமதித்து வாடகைக்கு விடும் வண்டிதான் எடுக்க வேண்டும். அவற்றிலும் போகக் கூடாத இடங்களின் பட்டியல் இருக்கும். சொந்த வண்டியானாலும் கடற்கரை, உப்புநீர்ச் சேதம், தீவிலிருந்து மீட்பு ஆகிய மூன்றும் பாலிசியில் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். தீவிலிருந்து பழுதான வண்டியை இழுத்துவர ஆயிரக்கணக்கான டாலர் ஆகும்.

திரும்பி வந்ததும் கார் வாஷ் போனா போதுமா?

மேலே கழுவுவது அழகுக்கு. உப்பு இருப்பது அடியில். காற்றடித்து முடித்ததும், அன்றைக்கே, அடிப்பாகம் கழுவும் வசதியுள்ள இடத்தில் சக்கர வளைவுகள், சேஸிஸ் துளைகள், பிரேக், ரேடியேட்டரின் முன்பக்கம் ஆகியவற்றில் நல்ல நீரை நிறைய ஓட விடுங்கள். அதிவேக நீரை மின்னிணைப்புகளிலும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளிலும் நேராக அடிக்காதீர்கள். இரண்டு நாள் கழித்து ஒருமுறை மீண்டும் கழுவுங்கள். முதல்முறை நனைந்து இளகிய மணல் அப்போதுதான் விழும். ஆழமான ஓடையைக் கடந்திருந்தால் டிஃபரென்ஷியல் எண்ணெயைத் திறந்து பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் போயிருக்கிறது, அடுத்த சர்வீஸ் வரை காத்திராமல் மாற்றுங்கள்.